நூறு வாங்கிய கம்ப்யூட்டர்

முட்டாள்கள் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்றொரு நம்பிக்கை நாட்டில் பரவலாக இருக்கிறது. வாத்தியார்கள், மாமியார்கள், பேருந்து நடத்துநர்கள் முதலிய பொறுப்புள்ள பலரும் இதைத் தயக்கமில்லாமல் சொல்லிவருகிறார்கள். வருத்தத்தோடு தெரிவிக்க வேண்டியிருக்கிறது: இது பிழை. சொன்ன பேச்சைக் கேளாமல் இருப்பதற்குக் கொஞ்சமாவது அறிவு வேண்டும். எதைக் கேட்பது, எதை விடுவது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். முட்டாளுக்கு அந்த வசதி கிடையாது. அவன் சொன்னதை ஓர் எழுத்துக் குறையாமல் கேட்பான். கேட்டதை அப்படியே செய்வான்.

இந்தக் கருத்துக்கு ஆதாரம் வேண்டுவோர் சொன்னபட்டிக்குப் போகலாம். ‘சொன்னபடி’ என்பதுதான் மருவிச் ‘சொன்னபட்டி’ ஆயிற்று என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இன்னொரு சாராரும் அதையே சொல்கிறார்கள்.

அந்த ஊர்க் கடைத்தெருவில் மூன்று அண்ணன் தம்பிகள் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார்கள். மூத்தவர் நல்லகாமு, முதலாளி. நடுவுள்ளவன் ஒச்சப்பன், பேனருக்குச் சட்டம் அடிப்பவன். இளையவன் பவுனுராசு, கம்ப்யூட்டரில் உட்காருபவன். மூவரில் மவுஸ் பிடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இது பின்னால் தேவைப்படும்.

ஒரு நாள் மதியம் குருந்தப்பன் கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மறுநாள் காலை அவருடைய தங்கை மகனுக்குக் காதுகுத்து. அவர் தாய்மாமன். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமை அவருடையது. ஆனால் தங்கையின் மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே மண்டபத்து வாசலை மறைக்கிற அளவுக்கு ஒரு பேனர் கட்டிவிட்டார்கள். அதில் மாமன் படம் எங்கே என்று குருந்தப்பன் தேடிப் பார்த்தார். மூலையில் அச்சகத்தின் பெயருக்கு மேலே இருந்தது.

“என் பேனர் வாசல்ல நிக்கணும் நல்லகாமு. இல்லைன்னா நான் சபையில உக்கார மாட்டேன். நான் உக்காரலைன்னா மடி இல்லை. மடி இல்லைன்னா காதுகுத்து இல்லை.”

“சாயங்காலத்துக்குள்ள குடுத்திருவோம்ணே” என்றார் நல்லகாமு.

பவுனுராசு குருந்தப்பனின் படத்தைத் திறந்தான். படம் மேலிருந்து கீழாக வரத் தொடங்கியது. தலைமுடி வந்தது. டீ சொன்னார்கள். நெற்றி வந்தது. டீயும் வடையும் வந்தன. கண்கள் வந்தன. மீசை வந்தது. மீசையோடு நின்றுவிட்டது. குருந்தப்பன் தம் முகத்தின் மீதிக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

“வாய் எப்ப வரும்?”

“வந்தாலும் பேசாதுண்ணே” என்றான் ஒச்சப்பன்.

நல்லகாமு தம் அக்காள் மகளுக்குப் போன் போட்டார். அங்காளஈஸ்வரி, வீட்டில் ஈசு. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை. போனை ஸ்பீக்கரில் வைத்து மேசை நடுவில் கிடத்தினார்கள்.

“மாமா, டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்க.”

மேனேஜர் என்றதும் ஒச்சப்பன் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டான்.

“கீழே ஒரு பட்டை தெரியுதா? அதுல வலது பக்கம் கிளிக் பண்ணணும்.”

பவுனுராசு எழுந்து மவுஸோடு மேசையின் வலது பக்கம் போய் நின்று கிளிக் செய்தான். வயர் எட்டாததால் மேசையும் கொஞ்சம் கூடவே போனது. வலது பக்கம் என்றால் மவுஸின் வலது பொத்தான் என்று ஈசு விளக்கினாள். “அதை முதல்லயே சொல்லணும்ல” என்று பவுனுராசு மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளினான். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டம் வந்தது.

“சிபியு, மெமரி, டிஸ்க்குன்னு வரிசையா போட்டிருக்கும். படிங்க சின்ன மாமா.”

“சிபியு பதினாலு. மெமரி நாப்பத்தெட்டு. டிஸ்க்கு நூறு.”

“நூறா? பிரச்சினையே அதுதான். டிஸ்க்கு மூச்சுவிட நேரமில்லாம வேலை செய்யுது.”

அந்தக் கடையின் முக்கால்வாசி வருமானம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் மாதத்தில்தான் வரும் என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். கணக்கில் நூறு எடுத்த பிள்ளைகளின் படத்தை அவர்கள் ஆளுயரத்துக்கு அடித்திருக்கிறார்கள். அண்ணன் தம்பிகள் குடும்பத்தில் யாருக்கும் அப்படி அடிக்க வாய்ப்பு வந்ததில்லை.

போனைக் கையால் பொத்திக்கொண்டு மூவரும் ஆலோசித்தார்கள்.

“சிபியு பெயிலு. மெமரி தப்பிச்சுக்கிருச்சு. டிஸ்க்கு சென்டம்” என்றான் பவுனுராசு.

“நம்ம கடையிலயே ஒரு சென்டம் உக்காந்திருக்கு. நாம தெரியாம தூசி தட்டாம வெச்சிருக்கோம்” என்றார் நல்லகாமு.

“நூறு வாங்கினதைப் பிரச்சினைங்குது இந்தப் புள்ள. அது எம்புட்டு வாங்குச்சு?”

“கணக்குல முப்பத்தாறு” என்றார் நல்லகாமு.

“அதான்” என்றான் ஒச்சப்பன்.

குருந்தப்பனுக்கும் சந்தோஷம். தம் பேனர் நூறு மார்க் கம்ப்யூட்டரில் தயாராவது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தார். ஆனால் பேனர் வெளியே வர வேண்டுமே. ஈசு சொல்வதைக் கேட்டுவிடுவது என்று மனசில்லாமல் முடிவு செய்தார்கள்.

“டிஸ்க்கைக் கீழே கொண்டு வரணும் மாமா” என்றாள் ஈசு.

மூவருமாகக் கம்ப்யூட்டரை மேசையிலிருந்து தூக்கித் தரையில் வைத்தார்கள்.

“வந்திருச்சு. இப்பவும் நூறுதான் காட்டுது.”

“சரி, திறந்து கெடக்கிற விண்டோ எல்லாத்தையும் மூடுங்க.”

சன்னல்கள் இரண்டையும் மூடினார்கள். கதவை மூட வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு வந்தது. கதவைப் பற்றி ஈசு எதுவும் சொல்லவில்லை என்றார் நல்லகாமு. கதவில் ஒரு சிறு கண்ணாடி இருக்கிறதே, அந்த அளவுக்கு அதுவும் சன்னல்தானே என்றான் ஒச்சப்பன். கடைசியில் கண்ணாடியின் மேல் மட்டும் ஒரு துண்டைத் தொங்கவிட்டார்கள். உள்ளே இட்லிச் சட்டிபோல வெந்தது. குருந்தப்பன் சட்டையைக் கழற்றினார்.

“மூடியாச்சும்மா.”

“இப்ப பின்னாடி ஏதாவது ஓடிக்கிட்டிருக்கும். அதை நிறுத்துங்க.”

கடைக்குப் பின்னால் சங்கையாவின் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளை கோயம்புத்தூரில் இருந்துகொண்டே அதைக் கண்டுபிடித்ததை எண்ணி ஒச்சப்பன் மலைத்துப்போனான். அப்படியே போய் மில்லின் சுவிட்சை அணைத்தான்.

“யோவ், மொளகா பாதி அரைஞ்சு நிக்குது. நாளைக்குக் காதுகுத்து வீட்டுக் கொழம்புக்குய்யா” என்றார் சங்கையா.

“கம்ப்யூட்டர் கடை உத்தரவு. பின்னாடி எதுவும் ஓடக் கூடாதாம்.”

உத்தரவு என்றால் சரி என்று சங்கையா மில்லைப் பூட்டிக்கொண்டு மகள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். அவரும் சொன்னபட்டிக்காரர்தானே.

இன்னும் நூறு குறையவில்லை. ஈசு யோசித்தாள்.

“சரி. அங்க எது ரொம்பச் சாப்பிடுதுன்னு பாருங்க. அதைத் தேர்ந்தெடுத்து, அதோட வேலையை முடிச்சு வெளியே அனுப்புங்க. எல்லாம் சரியாயிரும்.”

அண்ணன்மார் இருவரும் பவுனுராசுவைப் பார்த்தார்கள். பவுனுராசு கையில் இருந்த நாலாவது வடையைப் பார்த்தான்.

“நான் ஒரு ஏப்பம்கூட விடலையேண்ணே. கோயம்புத்தூர்ல எப்படிக் கேட்டுச்சு?”

“அதுக்கு எல்லாம் தெரியுது. மில்லு ஓடறது தெரியலையா” என்றான் ஒச்சப்பன்.

“பெரிய மாமா, அது சிஸ்டத்தைச் சேர்ந்ததான்னு ஒரு தடவை பார்த்துக்கங்க. சிஸ்டத்தைச் சேர்ந்ததா இருந்தா எடுக்கக் கூடாது.”

நல்லகாமு தம்பியை மேலும் கீழும் பார்த்தார். “இல்லம்மா. நம்ம குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.”

“அப்பன்னா எடுத்திருங்க” என்றாள் ஈசு, ஏதோ குடும்பப் படங்கள் என்று நினைத்து.

பிரிவுபசார விழா எளிமையாக நடந்தது. போர்த்துவதற்குப் பொன்னாடை இல்லை. எழுத்துப் பிழையால் வாங்காமல் விட்ட ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் ஒன்று கிடந்தது; அதைப் போர்த்தினார்கள். பவுனுராசு கடைக்கு ஆற்றிய தொண்டை நல்லகாமு எடுத்துச் சொன்னார். ஒச்சப்பன் பேச வந்து, பேனரின் ஓரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். குருந்தப்பன் வாடிக்கையாளர் சார்பில் இரண்டு வார்த்தை பேசினார். பவுனுராசு எல்லாரையும் கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, கடைக்கு எதிரே ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தான். வேறு போக்கிடம் அவனுக்கு இல்லை.

இத்தனைக்கும் நடுவில், தரையில் கிடந்த கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. பல நாளாகச் செய்ய நினைத்து, பவுனுராசுவின் இடையறாத கிளிக்குகளால் செய்ய முடியாமல் தள்ளிப்போட்ட தன் சொந்த வேலைகளை அது நிம்மதியாக முடித்துக்கொண்டது. மீசையோடு நின்றிருந்த படம் ஒரே நொடியில் வாய், கழுத்து, துண்டு, கூப்பிய கை என்று முழுசாக வந்து நின்றது.

அதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் கட்டத்தைப் பார்த்தார்கள்.

“ரெண்டு” என்றார் நல்லகாமு.

“என்ன ரெண்டு?”

“டிஸ்க்கு. நூத்துக்கு ரெண்டு.”

ஒச்சப்பன் சுவரில் சாய்ந்தான். “நல்லாப் படிச்ச புள்ளையை நாமளே கெடுத்துட்டமேண்ணே.”

குருந்தப்பன் எழுந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார். கோபத்தில் பித்தான்கள் ஓர் ஓட்டை தள்ளி மாட்டிக்கொண்டன.

“ரெண்டு மார்க் மிஷின்ல என் பேனரா? என் தங்கச்சி புருஷன் வீட்டாளுக கேட்டாச் சிரிக்க மாட்டாய்ங்க? பழையபடி நூறாக்கு நல்லகாமு. இல்லைன்னா நாளைக்கு அந்தப் புள்ள காது மொட்டையாத்தான் இருக்கும்.”

நல்லகாமு மறுபடி போன் போட்டார்.

“ஈசு, ரெண்டுக்கு வந்திருச்சும்மா.”

“அப்பாடா. பேனரை அடிங்க.”

“இல்லம்மா. திரும்ப நூறாக்கணும். அதுக்கு வழி சொல்லு.”

அந்தப் பக்கம் ஈசு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“மாமா, எனக்குக் காது குத்தினப்போ நீங்கதானே மடியில வெச்சிருந்தீங்க?”

“ஆமா. ஆசாரி ரெண்டு ஓட்டை போடணும்னார். அசங்காமப் புடிச்சுக்கிட்டோம்.”

“ரெண்டும் ஒரே காதுல இருக்கு மாமா.”

“எந்தக் காதுன்னு அவர் சொல்லலியேம்மா.”

ஈசு பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் புயல்போலக் கேட்டது. “அப்ப ஒண்ணு பண்ணுங்க. நான் சொன்னதுக்கெல்லாம் தலைகீழாச் செய்யுங்க.” போனை வைத்துவிட்டாள்.

இதைவிடத் தெளிவான யோசனையை அவர்கள் அன்று கேட்கவில்லை. கம்ப்யூட்டரை மேசைமேல் ஏற்றினார்கள். சன்னல்களைத் திறந்தார்கள், துண்டை எடுத்தார்கள். மில்லை ஓட்டப் போனால் பூட்டியிருந்தது. அது ஒன்றுதான் குறை. பவுனுராசுவைத் திரும்ப அழைக்க ஒச்சப்பன் மைல்கல்லுக்குப் போனான்.

“வாடா, வேலைக்கு.”

“விழா எடுத்து அனுப்பினீங்க. விழா எடுத்துக் கூப்பிடுங்க.”

அஞ்சலிப் பேனரை அவன் தோளிலிருந்து எடுத்து, திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி மறுபடி போர்த்தினார்கள். அவன் வந்து உட்கார்ந்தான். மிச்ச வடைகள் அனைத்தும் அவன்முன் வைக்கப்பட்டன. நிறையச் சாப்பிட வேண்டும் என்பது தலைகீழ் விதியின் முக்கியமான பகுதி. பவுனுராசு வடை தின்றுகொண்டே, கம்ப்யூட்டரில் இருந்த கல்யாணம், சடங்கு, தேர்வு முடிவு, கடைத் திறப்பு அத்தனை படங்களையும் ஒரே நேரத்தில் திறந்தான். எண் ஏறத் தொடங்கியது. பத்து. முப்பது. முப்பத்தைந்தைத் தாண்டியபோது நல்லகாமு, “பாஸாயிருச்சு” என்றார். எழுபது. தொண்ணூறு.

நூறு தொட்டதும் கம்ப்யூட்டர் திணறத் தொடங்கியது. குருந்தப்பனின் முகம் மறுபடி தலைமுடியிலிருந்து தொடங்கி, மீசையோடு நின்றது. குருந்தப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப அடி.”

“அடிக்கணும்னா மத்த படத்தையெல்லாம் மூடணும். மூடினா நூறு இறங்கிருமேண்ணே” என்றான் பவுனுராசு.

இது நியாயமான பேச்சாக எல்லாருக்கும் பட்டது. அடித்தால் மதிப்பு போகிறது. அடிக்காவிட்டால் பேனர் இல்லை. மூவரும் குருந்தப்பனும் ஆழ்ந்து விவாதித்தார்கள். நூறு வாங்கிய பிள்ளையின் படத்தைத்தானே பேனரில் போடுகிறோம், பிள்ளையே நேரில் வரும்போது பேனர் எதற்கு என்று கடைசியில் ஒச்சப்பன் கேட்டான். குருந்தப்பன் மாலை வாங்கக் கிளம்பினார்.

மறுநாள் காலை தாய்மாமன் சீர் கடைத்தெரு வழியாக மண்டபத்துக்குப் புறப்பட்டது. முதல் தாம்பாளத்தில் கம்ப்யூட்டர், மாலையோடு. இரண்டாவதில் அதை அணையாமல் காக்கும் யூபிஎஸ். மின்சாரம் இல்லாததால் அது விடாமல் கூவிக்கொண்டே வந்தது. நாதஸ்வரக்காரர் அதற்குச் சுருதி சேர்த்துக்கொண்டார். மூன்றாவது தாம்பாளத்தில் மவுஸ். பக்கத்தில் நடந்துவந்த பவுனுராசு, எண் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கும்போதெல்லாம் இன்னொரு படத்தைத் திறந்தான். பழம், வெல்லம், பட்டுச் சட்டை எல்லாம் பின்னால் வந்தன.

மண்டபத்து வாசலில் மேசை போட்டு வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் பேனரை அதற்குப் பிறகு யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கூட்டம் திரையைச் சுற்றி நின்றது.

“எந்தப் பாடத்துல?”

“டிஸ்க்குல.”

“டியூஷனா?”

“சொந்தப் படிப்பு” என்றார் குருந்தப்பன். நெஞ்சை நிமிர்த்திச் சபையில் போய் உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் வைத்தார். இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று என்று ஆசாரிக்கு எடுத்துச் சொல்ல நல்லகாமு பக்கத்தில் நின்றுகொண்டார். சாப்பாட்டில் குழம்புக்குள் மிளகாய் முழுசு முழுசாகக் கிடந்தது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் தகப்பனார் துணியால் மூடிய ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, யாரும் பார்க்காத பின்வழியாகக் கடைக்கு வந்தார். புதிது, போன மாதம் வாங்கியது. தொட்ட உடனே எல்லாம் திறந்தது. டிஸ்க் மூன்றைத் தாண்டவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அதைப் பவுனுராசுவிடம் டியூஷனில் விட்டிருக்கிறார்கள். சேர்க்கை சரியில்லை என்று நெட் வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.