ரூத்தின் முதுகில் ஏறியவன்

அந்தக் காலத்தில் ஆங்கில வார்த்தைகளுக்கும் வாய் இருந்தது, வயிறும் இருந்தது. ஒரே தெருவில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். மனிதர்கள் யார் பெயரைச் சொல்கிறார்களோ அவர்களுக்கு அன்றைக்குச் சோறு. சொல்லாவிட்டால் பட்டினி.

அங்கே ரூ என்றொரு தாய். வருத்தம் என்று அர்த்தம், முகமும் அதற்கேற்றாற்போல்தான். அவளுக்கு ஒரே மகள் ரூத். இரக்கம் என்று அர்த்தம்.

வார்த்தையின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் விகுதிகள், சொந்த வீடில்லாத வால்கள், அவையும் அந்தத் தெருவில் திரிந்தன. ஏதாவதொரு வார்த்தையின் முதுகில் ஏறி வேலை பார்க்கும். சோற்றில் பங்கு வாங்கும். வேலை முடிந்ததும் சுமந்தவரே "இறங்கு" என்று சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது.

அந்த வால்களில் ஒருவன் லெஸ். 'இல்லை' என்பது அவன் அர்த்தம். அக்கறை என்று பெயரெடுத்த பக்கத்து வீட்டு கேர், அவனைக் காலையில் ஏற்றி, சோற்று வேளைக்கு முன்பே உதறிவிடுவாள்.

ஒரு மழைநாளில் அவன் நடுங்கிக்கொண்டு வந்து நின்றான். ரூத் ஏற்றிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் ஓர் அரசன் குடிசைகளைக் கொளுத்தினான். அவனை என்னவென்று திட்டுவது என்று ஜனங்கள் தவித்தபோது, எதிரே இருவரும் ஒன்றாகப் போனார்கள். "ரூத்லெஸ்" என்றார்கள். இரக்கமில்லாதவன். அப்படிப்பட்ட அரசர்களுக்கா பஞ்சம்? சோறு குவிந்தது. ஜனங்கள் கூப்பிட்டது தன் அர்த்தத்துக்காகத்தான் என்று சொல்லி, லெஸ் முழுவதையும் தின்றான். ரூத்தைத் தனியாக யாரும் கூப்பிடவில்லை. அவளுக்கு எலும்பு தெரிந்தது.

ரூ அவனிடம் கெஞ்சிப் பார்த்தாள். சுமக்கிறவள் சொல்லட்டும் அத்தை, உடனே இறங்குகிறேன் என்றான், ரொம்ப மரியாதையாக.

"இரக்கம்னு பேரு வெச்சியே ரூ அக்கா, கத்திரிக்கான்னு வெச்சிருந்தா பிழைச்சிருக்கும்," என்றாள் கேர், மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு.

ரூ மகளின் தாடையைப் பிடித்தாள். "ஒரே ஒரு தடவை இறங்குன்னு சொல்லுடி. செத்துருவ."

ரூத் வாயைத் திறந்தாள். முதுகில் லெஸ் மெதுவாக இருமினான்.

"பாவம்மா. நான் இறக்கிவிட்டா இவன் எங்க போவான்?"

அந்த மாதமே அவள் போய்ச் சேர்ந்தாள். அவன் அப்போதும் இறங்கவில்லை. அவள் பெயரைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

அன்று பிடித்தவன் இன்றுவரை விடவில்லை. ஆங்கிலத்தில் ரூத்லெஸ் கொழுத்துத் திரிகிறான். இரக்கத்துக்கு ரூத் என்று சொல்ல ஆளில்லை. எங்கேயாவது யாராவது "ரூத்" என்று தொடங்கினால், ரூ வாசலுக்கு ஓடி வருகிறாள். மிச்சமும் காதில் விழுந்ததும் உள்ளே போய்விடுகிறாள்.