விளக்குப் பிடித்தவர்

"சாமி, குகை சுருங்கிப்போச்சு" என்றார் காசிலிங்கம்.

சங்கிலிச் சாமி குகை வாசலில் உட்கார்ந்து அவித்த மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

குருவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. தன்னைவிட மூத்தவரைச் சீடராக வைத்துக்கொண்டு ஒரு குரு படும் பாடு கொஞ்சமல்ல. திட்டுவதாக இருந்தாலும் 'நீங்க' என்றுதான் திட்ட வேண்டும்.

அந்தமானில் ஒரு தீவு அது. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய், இறங்கி அரை மணி நேரம் நடந்தால் இந்தச் சுண்ணாம்புக் குகை. கூரையெங்கும் கல் விழுதுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர்.

"பதினஞ்சு வயசுல வந்தேன். கல்லுலயே யானைத் தும்பிக்கை இருந்துச்சு. அம்மன் கூந்தல் இருந்துச்சு. இப்ப டார்ச் அடிச்சு மூலை மூலையாப் பார்த்துட்டேன். வெறும் கல்லு."

"அப்ப டார்ச் யார் அடிச்சது?"

"டார்ச் ஏது சாமி? அரிக்கேன் விளக்கு. அண்ணன்தான் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போனார். வெளியே வந்ததும் தலையில துண்டைக் கட்டிக்கிட்டார். படகுத்துறை வரைக்கும் பாடிக்கிட்டே வந்தார்."

காசிலிங்கம் குகையைத் திரும்பிப் பார்த்தார்.

"அது மாதிரி ஒரு நாள் அப்புறம் எனக்கு வரவே இல்ல."

"அண்ணன் இப்ப எங்கே?"

"வடக்குத் தீவுல. படுத்த படுக்கையா இருக்காராம். மூணு தடவை ஆள் அனுப்பிட்டார்."

"போகலையா?"

"பதினோரு வருசமாப் பேச்சில்ல. வீடு பிரிக்கும்போது சண்டை. 'உன் தழும்பு மூஞ்சியில முழிச்சாலே விளங்காது'ன்னு சொல்லிட்டேன். இடது புருவத்துக்கு மேல அவருக்கு ஒரு தழும்பு. விறகு பிளக்கும்போது பட்டதுன்னு அம்மாகிட்ட சொல்லுவார்."

"நீங்க அப்படிச் சொன்னதுக்கு அண்ணன் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. எழுந்து போயிட்டார். இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் போய் நிக்கிறது?"

சாமி கிழங்கைக் கீழே வைத்தார். பக்கத்திலிருந்த தன் குடிசைக்குள் போய் ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார்.

"டார்ச்சை வச்சிட்டு வாங்க. எனக்குக் கண்ணு மங்கல், கால்ல செருப்பும் இல்ல. நீங்க முன்னாடி போங்க. என் காலுக்கு வெளிச்சம் காட்டணும்."

குகைக்குள் நுழைந்ததும் காசிலிங்கம் விளக்கைத் தனக்கு முன்னால் பிடித்தார்.

"எனக்குத் தெரியல" என்றார் சாமி.

காசிலிங்கம் விளக்கைப் பின்னால் கொண்டுபோனார்.

"இன்னும் கீழே. பள்ளம் இருக்கு."

காசிலிங்கம் குனிந்து, கையைப் பின்னால் நீட்டி, பக்கவாட்டில் நண்டு போல நகர்ந்தார். அவர் போகும் பக்கம் ஒரே இருட்டு.

"அடேயப்பா!" என்றார் சாமி பின்னாலிருந்து. "தும்பிக்கை! அதோ, கூந்தல்!"

"எங்கே சாமி?"

"விளக்கை ஆட்டாதீங்க. வழுக்குது."

இன்னும் நாலடி. மடேரென்று ஒரு சத்தம்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சாமி. பார்த்து வாங்க, இங்கே ஒரு கல்லு தொங்குது." விளக்கு மட்டும் அசையவில்லை.

வெளியே வந்தார்கள். நல்ல வெயில்.

"என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார் சாமி.

"உங்க கால் பெருவிரலைத்தான் பார்த்தேன்."

ஏதோ கண்ணுக்குள் வழிந்தது. காசிலிங்கம் துடைத்துக்கொண்டார். கையைப் பார்த்தார். ரத்தம். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினார்.

கட்டி முடித்த கை அப்படியே நின்றது. மெல்ல இறங்கி, இடது புருவத்துக்கு மேல் தடவிப் பார்த்தது.

பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், சின்னப் பிள்ளைபோல விம்மி விம்மி அழுதார். சாமி மிச்சக் கிழங்கை உரிக்கத் தொடங்கினார்.

நெடுநேரம் கழித்துக் காசிலிங்கம் எழுந்தார்.

"வடக்கே போற படகு எத்தனை மணிக்கு, சாமி?"

"மூணு மணிக்கு. இருங்க, காயத்துக்கு மருந்து போட்டுவிடறேன்."

"வேண்டாம். அண்ணன் பார்க்கட்டும்."