முயல்குட்டிகளின் தூளி

ஏரிக்கரைக் காட்டில் ஒரு நெசவுச் சங்கம் இருந்தது. இலுப்பை மரத்தடியில் தறி. தினமும் காலையில் பயிற்சி. சிலந்தி நூல் நூற்கும். அணில் அதைச் சுற்றித் தரும். நெசவு சொல்லிக்கொடுப்பது மஞ்சன் என்ற தூக்கணாங்குருவி.

சும்மா சொல்லக்கூடாது, மஞ்சனுக்கு நெசவு அத்துப்படி! அது நெய்த துணியில் ஒரு வரி பிசகாது. ஆனால் அடுத்தவர் நெய்ததைப் பார்த்தால் மட்டும் அதன் அலகு நமநமக்கும்.

ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருந்தது. செவந்தி என்ற முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"மஞ்சண்ணே! எங்க வளை பள்ளத்துல இருக்கு. போன மழையிலேயே தண்ணி உள்ள வந்துருச்சு. இப்ப நாலு குட்டிங்க வேற. கிளையில கட்ட ஒரு தூளி வேணும்ணே!"

"பயப்படாதே. நெய்து குடுத்திடலாம்!" என்றது மஞ்சன்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. துணி யாருக்கோ, அவரும் அதில் கொஞ்சம் நெய்ய வேண்டும். தூளியின் தொடக்கத்தை மஞ்சன் நெய்தது. நடுப்பகுதிக்குச் செவந்தி தறியில் உட்கார்ந்தது.

பாவம், அதற்கு நூல் அறுந்துவிடுமோ என்று பயம். குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை மெதுவாகத் தள்ளும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு குட்டியின் பெயரைச் சொல்லும். "இது கடுகுக்கு. இது எள்ளுக்கு. இது துவரைக்கு. இது தினைக்கு." வரிகள் தொளதொளவென்று விழுந்தன.

"நல்லாருக்காண்ணே?"

"ம்ம்... இருக்கு."

உச்சிப்பொழுதில் செவந்தி பால் கொடுக்கப் போனது. மஞ்சன் சுற்றுமுற்றும் பார்த்தது. "இதைப் பார்த்தா சங்கத்துப் பேர் என்னாகும்?" என்று முணுமுணுத்தது. அந்த வரிகளையெல்லாம் பிரித்துவிட்டுத் தானே நெய்தது. யாரும் வருமுன் முடிக்கிற அவசரத்தில் நூலை வெடுக்கு வெடுக்கென்று இழுத்தது.

மறுநாள் செவந்தி வாயைப் பிளந்தது. "நான் நெய்ததா இது? என் கை தேறிடுச்சே!"

மஞ்சன் நூலைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டது. மூன்று நாள் இதே கூத்து நடந்தது. மீதியை மஞ்சனே பூவேலை போட்டு முடித்தது.

தறியிலிருந்து துணியை அறுத்தெடுக்கும் முன் அளவு பார்க்க வேண்டும். செவந்தி குட்டிகளைத் தறிக்குப் பக்கத்தில் வரிசையாகப் படுக்கவைத்தது. அணில் நாணல் குச்சியால் அளந்தது.

"மேல சரி. கீழ சரி. நடுவுல... ஐயோ! சுருங்கிப் போச்சே! இதுல ரெண்டு குட்டிதான் படுக்கலாம். மத்த ரெண்டும் உருண்டு விழுந்துடும்!"

இறுக்கி இழுத்த நூல் இரண்டு ஓரங்களையும் உள்ளே வாங்கிவிட்டது. தூரத்தில் இடி உருண்டது.

செவந்தியின் கண்கள் நிறைந்தன. "எல்லாம் என்னாலதான். நடுவுல நெய்தது நான்தானே? நான் கை வச்சிருக்கவே கூடாது!"

மஞ்சன் தலை குனிந்துகொண்டு, "இல்லம்மா! நீ நெய்தது ஒரு வரிகூட இதுல இல்ல. எல்லாத்தையும் நான் பிரிச்சுட்டேன். இறுக்கினவன் நான்தான்!" என்றது.

செவந்தி திட்டவில்லை. "அப்ப... என் குட்டிங்க பேரு சொல்லி நெய்தேனே, அதுவுமா போச்சு?" என்று மட்டும் கேட்டது.

அதைவிடத் திட்டியிருக்கலாம்.

மஞ்சன் தறியில் ஏறியது. தன் பூவேலையைத் தன் அலகாலேயே பிரித்தது. தான் இறுக்கிய நடுப்பகுதியையும் பிரித்துவிட்டு, நாடாவைச் செவந்தியிடம் நீட்டியது. "உன் கைப்படியே நெய்ம்மா. நான் தொடமாட்டேன்."

சிலந்தியும் அணிலும் ஓய்வில்லாமல் நூல் தந்தன. செவந்தி பெயர்களைச் சொல்லிச் சொல்லி நெய்தது. கடைசிப் பகுதியை மஞ்சன் பூவே இல்லாமல் முடித்தது. மறுநாள் சாயங்காலம் அணில் துணியை அறுத்தபோது முதல் துளி விழுந்தது.

மழை கொட்டியது. வளை முழுக்கத் தண்ணீர். அடர்ந்த கிளையின் அடியில் தூளி ஆடியது. தளர்ந்த வரிகள் குழிந்து இடம் கொடுக்க, நாலு குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கின.

"கடுகு, எள்ளு, துவரை, தினை" என்று சொல்லிக்கொண்டே, நனைந்த சிறகோடு தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது மஞ்சன்.

ஒருவர் பாசத்தோடு செய்ததை, நம் கைநேர்த்தியைக் காட்டுவதற்காக ஒருபோதும் பிரித்து எறியக்கூடாது.