வடம் இரண்டு

"டீச்சர், ரெண்டு கார்டா, ஒரு கார்டா?"

மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் தியாகேசன் கேட்டுவிட்டார்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. டீச்சருக்கு இருபத்தொன்பது.

ஜெசிந்தா திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். கேட்டதைக் கொடுக்காமல் கேள்வி கேட்பாள். அதனால்தான் 'டீச்சர்' என்ற பெயர். ஷாக் அடிக்கும் என்று கடைக்குள் எந்நேரமும் ரப்பர் செருப்போடு இருப்பாள். யார் வந்தாலும் கழற்ற மாட்டாள்.

தியாகேசன் ஆறு வருஷமாக அவளுடைய மாணவர். அதைச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம் கிடையாது.

"எதுக்குண்ணே கார்டு?"

"தேருக்கு."

வேம்பங்குடிக் கோயில் தேரைக் கரையான் தின்றுவிட்டது. புதுத் தேர் செய்யப் போகிறார்கள். மரத்தில் உளி படுவதற்கு முன், தேர் எப்படி இருக்கும் என்று ஊருக்குத் திரையில் சுற்றிக் காட்ட வேண்டும். தியாகேசன் பதினான்கு மாதமாக அந்தத் தேரைக் கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்தார். முன்னூற்றுப் பதினெட்டு பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் தனி முகம்.

ஆனால் அவருடைய பழைய மெஷினில் தேர் முழுதாக ஏறவில்லை. மேல் பாதி வந்தால் கீழ் பாதி வராது. ஊரில் அவருக்கு 'அரைத்தேர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் காட்டும்போதும் அரைத் தேர்தான் என்றால் வேலை வெளியூர்க் கம்பெனிக்குப் போய்விடும்.

"பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்குற காசுக்கு நடுத்தரமா ரெண்டு வரும் டீச்சர். மெமரி பன்னெண்டு ஜிபியும் பன்னெண்டு ஜிபியும் இருபத்துநாலு. மேல் பாதி ஒண்ணுல, கீழ் பாதி ஒண்ணுல. கணக்கு சரிதானே?"

ஜெசிந்தா ஒரு போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தேருக்கே வடம் ரெண்டு இல்லையா?"

"ஆமாண்ணே."

தியாகேசனுக்குத் தெம்பு வந்தது.

அவள் கீழே கை காட்டினாள். "படிக்கட்டுப் பக்கத்துல இரும்பு பீரோ நிக்குது பாருங்க. தில்லைநகர் போகணும். ஆட்டோ கூப்பிடுங்க."

"பீரோ ஆட்டோவுல ஏறாதுங்களே."

"அப்ப ரெண்டு கூப்பிடுங்க."

தியாகேசன் முறுக்கிக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் வேற, பீரோ வேற டீச்சர்."

"சரி. கூப்பிடுங்க."

அவர் இறங்கிப் போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். முகம் சுருங்கியிருந்தது.

"ஆட்டோக்காரன் சிரிக்கிறான்."

"என்ன சொன்னான்?"

"ரெண்டு ஆட்டோ சேந்தா லாரி ஆயிடுமா பெருசுன்னு கேக்குறான்."

ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு பெரிய கார்டுப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்றே ஒன்று.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண வீடியோக்காரர் வந்தார். சீசனில் இருபது கல்யாணம், எல்லா வீடியோவையும் தனித்தனியாக, ஒரே சமயத்தில் ஓட்ட வேண்டும் என்றார். ஜெசிந்தா இரண்டு சின்னப் பெட்டிகளைக் கொடுத்தாள். அவர் சந்தோஷமாகப் போய்விட்டார்.

தியாகேசனுக்குப் பொறுக்கவில்லை. "அவருக்கு மட்டும் ரெண்டா?"

"அவர்கிட்ட பீரோ இல்லையேண்ணே."

தியாகேசன் பெட்டியைத் தொடவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஒருதரம் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"என்னண்ணே?"

"ஊர்ல ரெண்டுன்னு சொல்லிட்டேன் டீச்சர்."

"யார்கிட்ட?"

"மைக்குல."

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"கண்ணாடிக் கேபினட்டு, உள்ள ரெண்டு கார்டு, ரெண்டுலயும் லைட்டு எரியும், மேடையில திரைக்குப் பக்கத்துலயே வைப்பேன்னு சொன்னேன். அரைத்தேருன்னு சொன்னவன் வாயெல்லாம் அடைக்கணும்ல?"

"தேரைப் பத்தி என்ன சொன்னீங்க?"

தியாகேசன் யோசித்தார்.

"தேரைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

ஜெசிந்தா பெட்டியைப் பிரித்தாள். கார்டைக் கடை மெஷினில் சொருகினாள். கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார்.

திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது.

பிறகு தேர் நின்றது.

சக்கரத்திலிருந்து கலசம் வரைக்கும் நின்றது. கீழே பூத கணங்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு பாரம் தாங்கின. அவற்றின் தலைமேல் குதிரைகள், அதற்கும் மேலே முனிவர்கள், எல்லாவற்றுக்கும் மேலே அலங்காரக் குடையும் கலசமும். செய்த மனுஷனே அதை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எல்லாம் நான் செஞ்சதுதான் டீச்சர்," என்றார். "முன்னூத்திப் பதினெட்டும். ஒத்த ஆளா."

ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் கார்டைப் பற்றிப் பேசவே இல்லை.

ஞாயிறு சாயங்காலம் வேம்பங்குடியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மெஷின் அந்த ஒற்றைக் கார்டோடு மேடைக்கு அடியில் ஒரு பழைய கேபினட்டில் இருந்தது. அதன்மேல் யாரோ சுண்டல் அண்டாவை வைத்திருந்தார்கள். தியாகேசனுக்குத் திரைமேல்தான் கண்.

திரையில் தேர் ஏறியது. நின்றது. நான்கு பக்கமும் நிதானமாகத் திரும்பியது. 'அரைத்தேர்' என்று பெயர் வைத்த டீக்கடைக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து நின்று தலைக்கு மேல் கை கூப்பினார். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

விழாக்குழுத் தலைவர் பக்கிரிசாமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தியாகேசன் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்ப்பா, ரெண்டு போடப் போறேன்னு மைக்குல சொன்னியே. ரெண்டா, ஒண்ணா?"

தியாகேசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"வடம்தாங்க ரெண்டு. தேரு ஒண்ணு."