இடது காலுக்கு மூன்று நாள் காவல்

மதிநல்லூர் என்று பேர் வைத்தவர் அந்த ஊருக்குள் ஒரு தடவைகூடப் போயிருக்க மாட்டார். அங்கே மருத்துவ முகாம் நடந்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவன் கொண்டல்சாமி. முப்பத்தெட்டு வயதில், பதினோரு வீட்டில் வேண்டாம் என்று சொன்ன பிறகு, மறுநாள் அவனுக்குக் கல்யாணம். உடம்பில் கோளாறு ஏதும் இருந்தால் இன்றைக்கே தெரிந்துவிடட்டும் என்று போயிருந்தான்.

டாக்டரம்மா அவனுடைய இடது முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினார். அப்படி என்னதான் தட்டுகிறார் என்று ஊராட்சித் தலைவர் அரியநாயகம் குனிந்து பார்த்தார். கால் விசுக்கென்று எழும்பி அவருடைய முன்பல் இரண்டைக் கொண்டுபோய்விட்டது.

"நரம்பு நல்லா வேலை செய்யுது," என்றார் டாக்டரம்மா. "தட்டுன சேதி முதுகுத் தண்டுவடத்துக்குப் போகும். அதுவே காலுக்கு உத்தரவு போட்டுடும், மூளையைக் கேக்காது. மூளைக்கு அப்புறமாத்தான் தெரியும்."

தலைவரை விடக் கொண்டல்சாமிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு வருஷமாகச் செருப்பு வாங்கிப் போட்டு வளர்த்த கால், தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் பெரிய மனிதர் பல்லை உடைப்பதா!

உடனே பஞ்சாயத்து கூடியது. மூளையைப் பற்றி அந்த ஊரில் பேச்சு எழுந்ததே அன்றுதான்.

"உதைக்கச் சொன்னியாப்பா?" என்றார் தலைவர்.

"சத்தியமா இல்லீங்க. எனக்கே அப்புறந்தான் தெரியும்."

"அப்ப உன் மேல குத்தமில்ல. காலுக்கு மட்டும் மூணு நாள் காவல். நீ வீட்டுக்குப் போ."

"உத்தரவு போட்ட தண்டுவடத்தை விட்டுடுறதா?" என்று ஒருவர் கேட்டார்.

"அது முதுகுக்குள்ள ஒளிஞ்சுகிட்டு இருக்கு. சிக்குனதத்தானய்யா பிடிக்க முடியும்?"

ஊராட்சி நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் ஜன்னல் கம்பிக்குள் இடது காலைத் தொடைவரை திணித்துக் கட்டினார்கள். விடுதலையான கொண்டல்சாமி பொழுது சாயும்வரை வலது காலால் வீட்டைப் பார்த்து நொண்டினான். வீடு வந்தபாடில்லை. கல்யாணம் நின்றுவிடுமோ என்று அவனுக்கு அழுகை வந்தது.

மறுநாள் பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மணப்பெண் மரிக்கொழுந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, தலைவர் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

"என்னம்மா இது?"

"நான் அடிக்கல. கையே அடிச்சிருச்சு. என் மூளைக்கு இப்பத்தான் தகவல் வந்துச்சு."

பாவம், இந்தப் பிள்ளைக்கும் அதே கஷ்டமா என்று ஊரே உச்சுக்கொட்டியது. அவளுடைய வலது கையும் அதே ஜன்னலுக்குள் போனது.

முகூர்த்த நேரம் நெருங்கியது. பெண்ணின் கையைப் பிடிக்கச் சொன்னார் ஐயர். கை உள்ளே இருந்தது. மாப்பிள்ளை பங்குக்கு உள்ளே இருந்தது கால் மட்டும்தான். கொண்டல்சாமி கட்டைவிரலை எட்டி நீட்டி அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். மேளம் கொட்டியது. அவன் ஆசையாகத் தாலியை எடுத்தான்.

"நில்லுய்யா!" என்றார் தலைவர். "கையைப் பிடிச்சது கால். கல்யாணம் அதுங்க ரெண்டுக்கும். நடுவுல நீ யாரு? மணிக்கட்டுல கட்டு."

யோசித்துப் பார்த்தான். நியாயம்தான் என்று பட்டது. அவள் மணிக்கட்டில் மூன்று முடிச்சும் போட்டான்.

காவல் முடிந்த அன்றே மரிக்கொழுந்து வேன் ஏறிவிட்டாள். கொண்டல்சாமி மறுபடி பெண் தேடுகிறான். எந்தத் தரகர் விசாரித்தாலும் ஒளிவுமறைவு கிடையாது.

"எனக்கு இன்னும் ஆகலீங்க," என்கிறான். "இடது காலுக்கு மட்டும் ஆயிடுச்சு."