வெள்ளத்துரை மாமா வைத்த சேனை

பிரசவ அறைக்குள் போகும்போது என் மனைவி சண்முகக்கனி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒரே விஷயம்தான். "எங்க மாமாவை மட்டும் சேனை வைக்க விட்றாதீங்க."

பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணி தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு அப்படியே இறங்கும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. மூத்தவன் தருணுக்கு வைத்தது கனியின் தாய்மாமா வெள்ளத்துரை. இந்தத் தடவையும் டம்ளரில் சீனியைக் கரைத்துக்கொண்டு வந்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டார். தாய்மாமனிடம் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னால், அப்புறம் செத்தாலும் வீட்டு வாசல் மிதிக்க மாட்டார். தருணை அவர் பக்கத்தில் விட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

"மாப்ள, தருண் பயல் இன்னைக்கு இந்தப் பேச்சு பேசுதானே, அது யாரு கைராசி?" என்று ஆரம்பித்தார். "சேனை வச்ச மறுநாளே சும்மா ஒரு கதை சொல்லிப் பார்த்தேன். பய ‘உம்’ கொட்டுதான்! நடுவுல நிறுத்துனா, ‘பொறவு என்னாச்சு?’ன்னு கேக்கான்."

என் அக்கா மாரித்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, ஒண்ணரை வயசு வரைக்கும் அவன் ‘ங்கா’வைத் தாண்டலையே. பேச்சு வரணும்னு நாக்குல வசம்பு தடவித் தடவி என் விரல்தான் தேஞ்சுது."

"அது உன்கிட்ட தாயி. எல்லார்கிட்டயுமா மனசு விட்டுப் பேச முடியும்?"

பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். மாமாவுக்கு அது போதும்.

"தடுப்பூசி போடப் போனோம். ‘நர்ஸம்மா, போன தடவை இடது தொடையில குத்துனது இன்னும் கடுக்கு, இப்ப வலதுல போடுங்க’ங்கான். அந்தம்மா ஊசியைக் கீழ வச்சுட்டுக் கும்பிட்டுட்டா. தென்காசி பஸ்ல இவன் பேச்சைக் கேட்டுட்டு கண்டக்டர் முழு டிக்கெட் எடுக்கச் சொல்லுதாரு. நான் மடியில துட்டைத் தேடுதேன். தருண்தான், ‘அண்ணாச்சி, எனக்கு இன்னும் பல்லே முளைக்கல, பாரும்’னு வாயைத் திறந்து காட்டுனான்."

"எந்த பஸ்ஸு?" என்றாள் அக்கா.

"அந்த பஸ்ஸை இப்ப நிறுத்திட்டாங்க. இதைக் கேளு. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பட்டிமன்றம். நடுவர் வந்த கார் வழியில நின்னுபோச்சு. இவனைத் தூக்கி மேடையில வச்சேன். பல்லில்லாத வாயால விடிய விடியப் பேசுதான்! ரெண்டு அணியும் கண்ணைத் தொடைக்குது. தீர்ப்பைச் சொல்லி முடிச்சுட்டுத்தான் மூத்திரம் போனான்."

"யாரு மேல?"

"ஜெயிச்ச அணி மேல."

வராந்தாவே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதெல்லாம் விடு. போன வாரம் தருண் அவன் அம்மா வயித்துல காதை வச்சு, உள்ள இருக்க பிள்ளைகிட்டப் பேசுதான். உள்ள இருந்து பதில் வருது மாப்ள! ‘வெள்ளத்துரை தாத்தா சேனை வச்சாத்தான் வெளிய வருவேன். இல்லேன்னா இங்கனயே இருந்துக்கிடுதேன்.’"

அந்த நேரம் பார்த்து அறைக்குள்ளிருந்து வீல் என்று ஒரு அழுகை கேட்டது.

"நீங்க வைக்கதுக்கு முன்னாடியே பிள்ளை வந்துட்டுதே, அண்ணாச்சி?" என்றாள் அக்கா.

"என்னைப் பார்க்கணும்னு அம்புட்டு அவசரம்," என்றார் மாமா.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து, "பொம்பளைப் பிள்ளை. வந்து பாருங்க," என்றார். மாமா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு டம்ளருக்குக் கை நீட்டினார். கனிக்கு என்ன பதில் சொல்வேன்?

டம்ளர் காலி.

பெஞ்சுக்கு அடியில் எங்கள் இரண்டரை வயசுத் தருண் உட்கார்ந்திருந்தான். மோவாயெல்லாம் பிசுபிசுவென்று சீனித்தண்ணி.

"எலே, இதை யாருல குடிச்சது?" என்றார் மாமா.

தருண் உதட்டை நக்கிக்கொண்டே, "சிங்கம்," என்றான்.

"சிங்கமா?"

"ரெண்டு சிங்கம். எனக்கும் தாரேன்னுச்சு. நான் வேண்டாம்னுட்டேன்."

மாமா வேறு சீனி வாங்கக் கிளம்பினார். திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலிலிருந்து கனியின் குரல் வந்தது. களைத்துப்போன குரல்தான், ஆனாலும் வராந்தா முழுக்கக் கேட்டது.

"மாமா, உங்க சேனை ஒரு சொட்டுகூட வீண் போகல. வீட்டுக்கு ஒண்ணு போதும், உக்காருங்க."