காய்ந்துபோன தலை

கவனமாகக் கேளுங்கள், கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கோயம்புத்தூரில் சிவகுருநாதன் என்றொரு இன்ஜினியர். தலைக்குள் வைக்கும் கருவிகளுக்கு ஆண்டெனா வடிவமைப்பது அவன் வேலை. மூளையில் நீர் கோத்து அழுத்தம் ஏறினால், உள்ளே இருக்கும் புளியங்கொட்டை அளவுள்ள கருவி வெளியே உள்ள பெட்டிக்குச் சேதி அனுப்பும், பெட்டி அலறும்.

நிஜத் தலையில் சோதிக்க முடியுமா? சர்க்கரை, உப்பு, தண்ணீர் சேர்த்துக் காய்ச்சிய கூழை உறையவைத்துத் தலை செய்வார்கள். ஏசி அறையில் அது காய்ந்துகொண்டே வந்தது.

"புதுசா ஒண்ணு செஞ்சுடலாம் சார்" என்றாள் கூட வேலை பார்த்த ரெஜினா.

"தினம் ஒரு தலை கிண்ட இதென்ன சமையக்கட்டா?" என்று எரிந்து விழுந்தான். காய்ந்த தலையிலேயே கருவியை வைத்துச் சோதித்தான்; சிக்னல் அறையைத் தாண்டிப் பாய்ந்தது. அவனுக்கோ பெருமை பிடிபடவில்லை.

கருவி, மூளையில் நீர் கோத்திருந்த பொன்னுச்சாமி என்பவரின் தலைக்குள் போனது. அவர் மனைவி தெய்வாத்தாள் கேட்டாள்: "எங்கூட்டுல பெட்டிக்குச் சார்ஜ் போட ப்ளக்கு டிவிகிட்டத்தானுங்க தம்பி இருக்குது. கட்டிலு அந்த மூலையில. அங்கிருந்தே கேக்குமுங்களா?"

"நிம்மதியாத் தூங்குங்கக்கா. நான் கேரண்டி."

அடுத்த வாரம் ரெஜினா தானாகவே புதுத் தலை காய்ச்சிச் சோதித்தாள். நிஜத் தலையைப் போன்ற அந்த ஈரத்தில் ஆண்டெனாவின் சுருதி இறங்கிப்போய், சிக்னல் ஒரு முழத்தைத் தாண்டவில்லை. சிவகுரு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

ஆபரேஷன் செய்த டாக்டர் கஸ்தூரி சொன்னார்: "மறுபடி மண்டையத் திறந்தா ஆள் தாங்கமாட்டார். அந்தம்மாவைப் பயமுறுத்தாதீங்க. வாராவாரம் வரச்சொல்லி நானே பார்த்துக்கறேன்."

சிவகுரு மனசாட்சியோடு பேரம் பேசினான். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை; சும்மா இருக்கவும் முடியவில்லை. போன் போட்டான். "அக்கா, பெட்டியத் தலகாணிகிட்ட வெச்சுக்குங்க."

"ஏனுங்க தம்பி?"

"சும்மாதான், ஒரு பாதுகாப்புக்கு."

ரெஜினாவோ பொன்னுச்சாமி வீட்டுக்கே பஸ் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் பொன்னுச்சாமி தூங்கிக்கொண்டிருந்தார். டிவி பக்கத்தில் பெட்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தெய்வாத்தாள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "என்ற ஊட்டுக்காரரு தலைய வெச்சு வெளயாடறீங்களா? அதையக் கழட்டி எறிங்க!" பொன்னுச்சாமி விழித்துக்கொண்டு, தலையை இரண்டு கையாலும் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார்.

பயமுறுத்தாதே என்ற டாக்டர், காரணத்தை மறைத்து வழி மட்டும் சொன்ன சிவகுரு, உள்ளதைச் சொல்லி ஒரு வீட்டையே கலங்கடித்த ரெஜினா. இதில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினாதான். மண்டையைத் திறக்கக் கூடாது என்பது நியாயமே. ஆனால் ஏறுகிற அழுத்தம் டாக்டர் சொன்ன கிழமை வரை காத்திருக்காது. தலையணைப் பக்கம் ப்ளக் கிடையாது. காரணம் தெரியாதவள் சார்ஜ் போடப் பெட்டியை டிவியிடம்தான் கொண்டுபோவாள், கொண்டும் போயிருந்தாள். பயம் ஆறிவிடும், எழாமலே போன அலறலை என்ன செய்வது? மறுநாள் சிவகுரு, நீள ஒயர் வைத்த ப்ளக் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றான். தெய்வாத்தாள் வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை.